12 போர் துவக்குக்கு எந்த இலக்கச் சன்னம்? அல்பேர்ட்டாவில் பெசன்ட், கிரவுஸ் வேட்டைக்குப் போகும் தம்பிக்கு

கேள்வி சுருக்கமாக இது. இலங்கையின் திருகோணமலை மாவட்டத்துத் தம்பலகாமத்தில் வயற்காவலுக்கு அனுமதிப்பத்திரத்தோடு 12 போர் (போர் என்பது குழலின் உள்ளளவு) துவக்கு வைத்திருந்த குடும்பத்துப் பிள்ளை இப்போது கனடாவில், அல்பேர்ட்டாவில் இருக்கிறார். துவக்கு அனுமதியும் வேட்டைப் பயிற்சிச் சான்றும் எடுத்துவிட்டார். வருகிற இலையுதிர் காலத்தில் பெசன்ட், கிரவுஸ், சாம்பல் கௌதாரி ஆகிய தரைப்பறவைகளின் வேட்டைக்குப் போகிறார். கடைத் தட்டில் 4, 5, 6, 7½, 8 என்று சன்ன இலக்கம் (தோட்டாவுக்குள் இருக்கும் சிறு குண்டுகளின் பருமன்) எழுதிய பெட்டிகள் அடுக்கியிருக்கின்றன. திருகோணமலை வீட்டில் கிடந்த பழைய இங்கிலாந்துத் தோட்டாப் பெட்டியில் 5 என்று இருந்தது. அதே 5ஐ வாங்கலாமா, அல்லது தூரம் போகட்டும் என்று 4ஐ எடுக்கலாமா?

தம்பி, வீட்டில் இருந்த அதே சன்னம்தான் வேண்டுமென்றால் அங்கே 6 என்று எழுதிய பெட்டியை எடுக்க வேண்டும். இங்கிலாந்தின் 5ஆம் இலக்கச் சன்னம் 2.8 மில்லிமீற்றர் விட்டம். ஒரு அவுன்சுக்கு ஏறக்குறைய 220 சன்னம். வட அமெரிக்காவின் 6ஆம் இலக்கம் 2.79 மில்லிமீற்றர், அவுன்சுக்கு 225. இலக்கம்தான் வேறு, சன்னம் ஒன்றே. இப்படியே இங்கிலாந்தின் 4 அங்கே 5 ஆகும், 3 அங்கே 4 ஆகும், 7 கிட்டத்தட்ட 7½ ஆகும். இங்கிலாந்தின் 6க்கு (2.6 மில்லிமீற்றர், அவுன்சுக்கு 270) அங்கே நேரடிச் சோடி இல்லை, 6க்கும் 7½க்கும் நடுவில் விழும். பெரிய சன்னங்களிலும் இதே குழப்பம் உண்டு: இங்கிலாந்தின் பி.பி. 4.1 மில்லிமீற்றர், அமெரிக்க பி.பி. 4.57. ஆகவே பெட்டியில் மில்லிமீற்றர் அச்சிட்டிருந்தால் இலக்கத்தை விட்டுவிட்டு அதைப் பாருங்கள். அச்சிடாத அமெரிக்கப் பெட்டிக்கு ஒரு எளிய கணக்கு: 17இலிருந்து இலக்கத்தைக் கழித்தால் விட்டம் அங்குலத்தின் நூறில் பங்காக வரும். 6 என்றால் 11, அதாவது 0.11 அங்குலம். 4 என்றால் 0.13. இலக்கம் கூடக்கூடச் சன்னம் சிறிதாகும் என்பதும் இதிலேயே விளங்கும்.

இனி 4ஐப் பற்றி. வயற்காவலில் பழகியவர்கள் எல்லோருக்கும் பெரிய சன்னத்தில்தான் நம்பிக்கை. பன்றிக்கு எஸ்.ஜி. (மிகப் பெரிய சன்னம்) போட்டுப் பழகிய வீட்டில் 6ஆம் இலக்கச் சன்னத்தைக் கையில் எடுத்துப் பார்த்தால் கடுகு போலத் தெரியும். ஆனால் பன்றிக்குச் சுடுவதும் எழும்பிப் பறக்கும் பறவைக்குச் சுடுவதும் ஒரே வேலை அல்ல. பறவை விழுவது ஒரு பெரிய சன்னத்தின் பலத்தால் அல்ல. நாலைந்து சன்னம் ஒரே நேரத்தில் உடலில் ஏறி, அதில் ஒன்றிரண்டாவது தலை, கழுத்து, நெஞ்சறை, சிறகெலும்பு என்று முக்கியமான இடத்தில் படுவதால். ஆகவே முதலில் பார்க்க வேண்டியது எண்ணிக்கை, அதன் பிறகுதான் ஊடுருவல்.

எண்ணிக்கையைக் கணக்கிலேயே காட்டலாம். 12 போரில் 1¼ அவுன்ஸ் (ஏறக்குறைய 35 கிராம்) தோட்டாவை எடுத்துக்கொள்வோம். 4ஆம் இலக்கத்தில் அவுன்சுக்கு 135 சன்னம். ஆகவே தோட்டாவில் 169. 6ஆம் இலக்கத்தில் 281. 7½இல் 437. குழல்வாய் 'மொடிஃபைட்' சோக் (சோக் என்பது குழல்வாயின் ஒடுக்கம், இது நடுத்தரம்) என்றால் 40 யார் தூரத்தில், அதாவது 36½ மீற்றரில், 30 அங்குல வட்டத்துக்குள் ஏறத்தாழ 60 வீதம் விழும் என்பது பொதுவான அளவு. அப்படியானால் அந்த வட்டத்துக்குள் 4இல் 101, 6இல் 169, 7½இல் 262. வட்டத்தின் பரப்பு 707 சதுர அங்குலம். பறவையின் உடலில் சன்னம் பட்டுப் பயன் தரக்கூடிய இடம் 20 சதுர அங்குலம் என்று வைத்தால், சராசரியாக 4இல் மூன்றுக்குச் சற்றுக் குறைவு, 6இல் ஐந்துக்குச் சற்றுக் குறைவு, 7½இல் ஏழுக்கு மேல்.

சராசரி மூன்று என்பது கேட்கப் போதுமானதாக இருக்கும். ஆனால் சன்னம் தற்போக்காகச் சிதறுவது. சராசரி மூன்று என்றால் சில வெடியில் ஆறு படும், சில வெடியில் ஒன்றும் படாது. இந்தக் கணக்கில் 4ஆம் இலக்கத்தோடு ஏறக்குறைய ஐந்து வெடிக்கு ஒன்றில் பறவைக்கு ஒரு சன்னமோ வெறுமையோதான் கிடைக்கும். 6ஆம் இலக்கத்தோடு அது இருபதுக்கு ஒன்றாகக் குறைகிறது. ஒரு சன்னத்தோடு சிறகு முறிந்து விழுந்த பெசன்ட் சேவல் நிலத்தில் கால் பட்டவுடன் புல்லுக்குள் ஓடிவிடும். நாய் இல்லாவிட்டால் கிடைக்காது, பிறகு எங்கோ கிடந்து சாகும். வேட்டையில் இதைவிட மோசமான முடிவு இல்லை. வட்டத்தின் ஓரம் நடுவைவிட ஐதாக இருக்கும் என்பதையும் சேர்த்துக்கொண்டால், சற்றுப் பிசகிய குறிக்கு 4 இன்னும் மன்னிக்காது.

அப்படியானால் எல்லாவற்றுக்கும் 7½ போதுமே என்று தோன்றும். அங்கேதான் ஊடுருவல் குறுக்கே வருகிறது. 7½ ஈயச்சன்னம் ஒன்று 82 மில்லிகிராம். 6 ஒன்று 127. 5 ஒன்று 165. 4 ஒன்று 209. சிறிய சன்னம் காற்றில் வேகத்தையும் விரைவாக இழக்கும். பெசன்ட் பெரும்பாலும் உங்களுக்கு முதுகு காட்டித்தான் பறக்கும். பின்புறத்திலிருந்து வரும் சன்னம் இறகுத் திரளையும் இடுப்பெலும்பையும் இரைப்பையையும் கடந்துதான் நெஞ்சறையை அடைய வேண்டும். 30 மீற்றருக்கு அப்பால் 7½ அந்த வேலையைச் செய்யாது. தோலுக்குக் கீழே, இறகையும் இழுத்துக்கொண்டு நின்றுவிடும். பறவை ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டுப் பறந்து போகும், தவறிவிட்டது என்று நினைப்பீர்கள். உண்மையில் பட்டிருக்கும்.

ஆகவே பறவைக்குப் பறவை இப்படிப் பாருங்கள். சேவல் பெசன்ட் ஒரு கிலோவுக்கு மேல் நிற்கும் பறவை: பருவத் தொடக்கத்தில், கிட்ட எழும்பும்போது 6. பருவக் கடைசியில் இறகு தடித்து, பல தடவை வெடி கேட்டுப் பழகி, தூரத்திலேயே எழும்பத் தொடங்கும், அப்போது 5. ஈயத்தில் 4 தேவைப்படுவது மிக அரிது. தேவைப்படுகிற தூரம் என்றால் பெரும்பாலும் சுடக்கூடாத தூரம். காட்டுக்குள் எழும்பும் ரஃப்ட் கிரவுஸ் அரை கிலோவைச் சுற்றி நிற்பது, மெல்லிய தோல், கிளைகளுக்கு இடையில் 15 முதல் 25 மீற்றரில் ஒரு கணம் தெரிந்து மறையும். அதற்கு 7½, இலை அடர்ந்திருந்தால் 8கூடச் சரி. இலையையும் சுள்ளியையும் கடக்கப் பெரிய சன்னம் வேண்டும் என்று சிலர் சொல்வார்கள். சன்னம் சுள்ளியை வெட்டிக்கொண்டு போவதில்லை, இடைவெளிகளால்தான் போகிறது. இடைவெளிகளைத் தேடிப்போக எண்ணிக்கை கூடத்தான் வேண்டும். புல்வெளியில் இருக்கும் ஷார்ப்-டெயில்ட் கிரவுஸ் திறந்த வெளியில் தூரமாக எழும்பும், 6. சாம்பல் கௌதாரி (அங்கே ஹங்கேரியக் கௌதாரி என்றும் சொல்வார்கள்) நம் ஊர்க் கௌதாரியைவிடக் கொஞ்சம் கனம், கூட்டமாக எழும்பும். பருவத் தொடக்கத்தில் 7½, பிறகு 6. கூட்டத்தின் நடுவில் சுடாமல் ஒரு பறவையைத் தெரிந்துகொண்டு அதையே பின்தொடருங்கள். இல்லாவிட்டால் விழுவது ஒன்று, காயப்படுவது மூன்று. கனடாவின் கிழக்கு மாகாணங்களுக்குப் போய் வுட்கொக் என்ற சிறு பறவையைச் சுடுவதாக இருந்தால் 8.

ஒரேயொரு வகைதான் வாங்கமுடியும் என்றால் 12 போரில் 1¼ அவுன்ஸ், 6ஆம் இலக்கம். கிரவுசுக்குக் கொஞ்சம் பெரிது, கடைசிப் பருவப் பெசன்டுக்குக் கொஞ்சம் சிறிது. இரண்டையும் நேர்மையாகச் செய்யும்.

20 போர் துவக்கு வைத்திருக்கும் நண்பரோடு போனால் கணக்கு மாறும். அதன் வழக்கமான தோட்டா ⅞ முதல் 1 அவுன்ஸ். ஒரு அவுன்ஸ் 6 என்றால் 225 சன்னம், அதில் 60 வீதம் 135. அது 40 யாருக்குப் போதாது. சன்னத்தைப் பெரிதாக்கினால் எண்ணிக்கை இன்னும் குறையும். ஆகவே 20 போருக்குத் தீர்வு பெரிய சன்னம் அல்ல, கிட்டத்தில் சுடுவதுதான். 30 மீற்றரோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

சோக் இல்லாமல் சன்ன இலக்கத்தைப் பேசுவதில் அர்த்தம் இல்லை. 20 யாரில், அதாவது 18 மீற்றரில், ஒடுக்கமில்லாத நேர்க்குழலின் சிதறல் ஏறத்தாழ 32 அங்குலம், 'இம்ப்ரூவ்ட் சிலிண்டர்' (மெல்லிய ஒடுக்கம்) 26, 'மொடிஃபைட்' 20, 'ஃபுல்' (முழு ஒடுக்கம்) 16. பழைய வயற்காவல் துவக்குகளில் ஒரு குழலாவது ஃபுல் சோக்காக இருப்பது வழக்கம். அதைக்கொண்டு 18 மீற்றரில் கிரவுசைச் சுட்டால் ஒன்றில் முழுதாகத் தவறும், அல்லது சமைக்க இறைச்சி மிஞ்சாது. காட்டுக்குள் இம்ப்ரூவ்ட் சிலிண்டரும் 7½ம், பெசன்டுக்கு மொடிஃபைடும் 6 அல்லது 5ம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரட்டைக்குழல் என்றால் முதல் வெடிக்குத் திறந்த குழல், இரண்டாவதற்கு இறுக்கமானது. முதற்குழலில் 7½, அடுத்ததில் 6 என்று மாற்றிப் போடுவதில் பயன் உண்டு, ஏனென்றால் இரண்டாவது வெடி எப்போதும் தூரமானது. தோட்டாக்களை வரிசையாக உள்ளே அடுக்கும் பம்ப் துவக்கில் அப்படிக் கலந்து அடுக்கவேண்டாம். அவசரத்தில் எந்தத் தோட்டா சுடும் அறைக்குள் இருக்கிறது என்று தெரியாமல் போகும்.

இவ்வளவையும் வாசித்த பிறகும் உங்கள் துவக்கு என்ன செய்கிறது என்பதைக் காகிதம்தான் சொல்லும். ஒரே இலக்கம், ஒரே நிறை, இரண்டு தயாரிப்பாளர்களின் தோட்டா. ஒரே குழலில் இரண்டு விதமாகச் சிதறும். காரணம் பெரும்பாலும் ஈயத்தின் கடினம். மலிவான தோட்டாவில் மென்மையான ஈயம். வெடிக்கும் கணத்தில் பின்வரிசைச் சன்னங்கள் நசுங்கி வடிவம் கெட்டு, பக்கமாக விலகிப் போகும். அந்திமனி கூடுதலாகக் கலந்த கடினச் சன்னமும் செம்பு பூசிய சன்னமும் உருண்டையாகவே வெளியேறுவதால் வட்டத்துக்குள் அதிகம் விழும். அதிவேகத் தோட்டாவிலும் இதே நசுங்கல் பிரச்சினை வரும். உருண்டைச் சன்னம் கூடுதல் வேகத்தைக் காற்றில் விரைவாக இழந்துவிடும் என்பதால், பெட்டியில் எழுதிய பெரிய வேகத்துக்காகப் பணம் கொடுக்காதீர்கள். அதே பணத்துக்குக் கடினச் சன்னத்தை வாங்குங்கள்.

சோதிப்பது இப்படி. அங்குள்ள சுடுதிடல் ஒன்றில் அனுமதி கேளுங்கள். நாலடிச் சதுரக் காகிதம், நடுவில் ஒரு புள்ளி. நீங்கள் உண்மையில் சுடப்போகும் தூரத்தை நாடாவால் அளந்து நில்லுங்கள். கிரவுசுக்கு 20 யார், பெசன்டுக்கு 30உம் 40உம். பறவைக்குத் தூக்குவதுபோலத் துவக்கைத் தூக்கிப் புள்ளிக்குச் சுடுங்கள். பிறகு புள்ளியை மறந்துவிட்டு, துளைகள் எங்கே அடர்த்தியோ அங்கே நடு வைத்து, 15 அங்குல நூலில் பேனா கட்டி வட்டம் போடுங்கள். துளைகளை எண்ணி, தோட்டாவில் இருந்த மொத்தச் சன்னத்தால் வகுத்தால் வீதம் கிடைக்கும். மொத்தத்தைப் பெட்டி சொல்லாது. அவுன்ஸ் நிறையை அந்த இலக்கத்தின் அவுன்ஸ் எண்ணிக்கையால் பெருக்குங்கள். ஒரு காகிதத்தை நம்பவேண்டாம், ஐந்து காகிதத்தின் சராசரியை எடுங்கள். வீதத்தைவிட முக்கியம் ஓட்டைகள்: ஐந்து அங்குல விட்டத்தில் ஒரு சில்லை வெட்டி வட்டத்துக்குள் நகர்த்துங்கள். எந்த இடத்திலாவது அந்தச் சில்லுக்குள் ஒரு துளையும் இல்லையென்றால், அந்த வழியால் பறவை தப்பும். அப்படிப் பல இடம் இருந்தால் ஒரு இலக்கம் சிறிய சன்னத்துக்கோ ஒரு படி இறுக்கமான சோக்குக்கோ மாறுங்கள், அல்லது தூரத்தைக் குறையுங்கள். அடர்த்தியின் நடு புள்ளியிலிருந்து ஒரு சாண் விலகியிருந்தால் குற்றம் சன்னத்தில் இல்லை. துவக்கின் மரக்கட்டை உங்கள் தோளுக்கும் கன்னத்துக்கும் பொருந்தவில்லை.

ஈயம் அல்லாத சன்னத்துக்கு வருவோம், ஏனென்றால் அங்கே இது சட்டத்தோடு சேர்ந்தது. நீர்ப்பறவைக்கு ஐக்கிய அமெரிக்காவில் 1991 முதலும் கனடாவில் 1999 முதலும் நாடு முழுவதும் ஈயம் தடை. கலிபோர்னியாவில் 2019 ஜூலை முதல் எந்த வேட்டைக்கும் ஈயம் கூடாது. பெசன்ட், கிரவுஸ் போன்ற தரைப்பறவைக்கு விதி மாகாணத்துக்கு மாகாணம், இடத்துக்கு இடம் மாறும். பாதுகாக்கப்பட்ட நிலங்களில் தனி விதி. வுட்கொக் மேட்டுநிலத்தில் சுடப்பட்டாலும் சட்டத்தில் புலம்பெயர் பறவை. ஆகவே அந்த வருடத்து மாகாண விதிநூலையும் கூட்டாட்சி விதியையும் பார்க்காமல் பெட்டி வாங்கவேண்டாம்.

இரும்புச் சன்னத்தின் அடர்த்தி 7.8, ஈயம் 11.1. ஒரே விட்டமென்றால் இரும்பு மிகவும் இலேசு. அதனால்தான் இரண்டு இலக்கம் பெரிதாக எடுக்கச் சொல்கிறார்கள்: ஈய 6க்குப் பதில் இரும்பு 4, ஈய 5க்குப் பதில் இரும்பு 3. இரும்பு 4 ஒன்று 148 மில்லிகிராம், ஈய 6ஐவிடக் கனம்; ஆனால் விட்டம் பெரிதாகையால் காற்று அதைக் கூடுதலாகத் தடுக்கும், முடிவில் இரண்டும் கிட்டத்தட்டச் சமமாக நிற்கும். எண்ணிக்கையிலும் பெரிய இழப்பில்லை: இரும்பு 4 அவுன்சுக்கு 192. இரும்பு நசுங்காது என்பதால் இறுக்கமாகப் பறக்கும்; ஈயத்துக்கு மொடிஃபைட் போட்ட இடத்தில் இம்ப்ரூவ்ட் சிலிண்டர் போதும். இரும்புக்கென்று குறிக்கப்படாத பழைய துவக்கில், விசேடமாக ஃபுல் சோக்கில், இரும்பைச் சுடவே கூடாது, குழல்வாய் வீங்கும். அப்படிப்பட்ட துவக்குக்கு பிஸ்மத் சன்னம் இருக்கிறது, அடர்த்தி 9.6, ஈயத்தைவிட ஒரு இலக்கம் பெரிதாக எடுத்தால் போதும். விலைதான் கடிக்கும்.

தோட்டா நீளத்தில் கவனம் வேண்டும். 2¾ அங்குல அறைக்குள் 3 அங்குலத் தோட்டா நுழைந்துவிடும், மூடியும் விடலாம். ஆனால் சுடும்போது தோட்டா வாயின் மடிப்பு விரிய இடமில்லாமல் அழுத்தம் ஏறும். குழலில் பொறித்த அளவைப் பார்த்து வாங்குங்கள். இதைவிட ஆபத்தானது 20 போர் தோட்டா ஒன்று 12 போர் பையில் கலப்பது. அது 12இன் அறையைத் தாண்டிக் குழலுக்குள் போய்ச் சிக்கும். அறை வெறுமையாகத் தெரியும். அதன் பின்னால் 12 போர் தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழல் வெடிக்கும், கை போகும். 20 போர் தோட்டாவுக்கு மஞ்சள் நிறம் வைத்ததே இதற்காகத்தான். இரண்டு போரையும் ஒரே பையில், ஒரே வாகனத் தட்டில்கூட வைக்கவேண்டாம்.

சன்னம் எவ்வளவு தூரம் போகும் என்பதையும் மனதில் வையுங்கள். விட்டத்தை அங்குலத்தில் எடுத்து 2200ஆல் பெருக்கினால் யாரில் உச்சத் தூரம் கிடைக்கும் என்பது பழைய கணக்கு. 7½க்கு ஏறத்தாழ 190 மீற்றர், 6க்கு 220, 4க்கு 260. பறவையைக் கொல்லும் தூரம் அதில் ஆறில் ஒன்றுதான். கண்ணைக் குருடாக்கும் தூரம் அதைவிட மிக அதிகம். பறவைக்குப் பின்னால் வானம் தெரியாவிட்டால் சுடாதீர்கள். தாழப் பறக்கும் பெசன்டுக்குக் கீழே நாய் ஓடிக்கொண்டிருக்கும். இரும்புச் சன்னம் கல்லிலும் உறைந்த தரையிலும் பட்டுத் தெறிக்கும்.

லீவில் ஊருக்கு வரும்போது இந்த அறிவை இங்கே இறக்கவேண்டாம் என்பதையும் சொல்ல வேண்டும். 1937ஆம் ஆண்டின் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் அதன் பிந்திய திருத்தங்களும் இலங்கையில் காட்டுக்கோழி, கௌதாரி, காடை உட்பட ஏறக்குறைய எல்லாக் காட்டுப் பறவைகளையும் பாதுகாக்கின்றன. வயற்காவலுக்குக் கொடுத்த அனுமதிப்பத்திரம் பறவை வேட்டைக்கான அனுமதி அல்ல. கந்தளாய்க் காட்டோரத்தில் காட்டுக்கோழி கூவினால் கேட்டுவிட்டு வாருங்கள்.

அங்கே சுட்ட பறவையைச் சமைக்கும்போது இறகு உரித்த பிறகு தோலில் உள்ள ஒவ்வொரு நீலத் துளையையும் விரலால் அழுத்திப் பாருங்கள். துளைக்குள் இறகு நூல் போல உள்ளே போயிருக்கும். அதைப் பிடித்து இழுத்தால் பெரும்பாலும் சன்னமும் சேர்ந்து வரும். ஈயம் பட்ட இடத்தைச் சுற்றி இரத்தம் கண்டிய தசையை வெட்டி எறியுங்கள், பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அந்தப் பகுதியைக் கொடுக்கவே வேண்டாம். இரும்புச் சன்னம் பல்லை உடைக்கும். துண்டு போட்ட இறைச்சிக்கு மேலால் பலமான காந்தம் ஒன்றை இழுத்தால் மேலோடு கிடப்பவை ஒட்டிவரும், ஆழத்தில் கிடப்பவற்றை விரல்தான் கண்டுபிடிக்கும். பிஸ்மத்துக்குக் காந்தம் உதவாது.